கருந்துளை வட்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது? பொதுத் தரவை வைத்து அளக்கும் வழி

சிக்னஸ் எக்ஸ்-1 ஒரு விண்மீனோடு சேர்ந்து சுற்றும் கருந்துளை; அந்த விண்மீனிலிருந்து வரும் வாயு அதைச் சுற்றி வட்டாகச் சுழல்கிறது. அதைப் பற்றிய ஆய்வுகளைப் புரட்டினால் ஒன்றில் சாய்வுக் கோணம் 27.5 டிகிரி, இன்னொன்றில் 40, வேறொன்றில் 45-க்கு மேல் என்று இருக்கும். யாரோ ஒருவர் தப்பாக அளந்துவிட்டார் என்றுதான் புதிதாக வருபவருக்குத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அவர்கள் அளந்தது ஒரே பொருளின் சாய்வை அல்ல. எதன் சாய்வை அளக்கிறோம் என்பது தெளிவாகிவிட்டால் இந்த வேலையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சாய்வுக் கோணம் 0 என்றால் சாப்பாட்டுத் தட்டை நேர் மேலிருந்து பார்ப்பது போல வட்டின் முழு முகம் நமக்குத் தெரிகிறது. 90 என்றால் தட்டின் விளிம்பு மட்டும். இது முதல் கோணம். வட்டின் அச்சு வானத்தில் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது இரண்டாவது; வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி எண்ணும் திசைக் கோணம். ஒரு வட்டின் நிலையை முழுதாகச் சொல்ல இரண்டும் வேண்டும். பலர் முதல் கோணத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதனால் வரும் பிழையைக் கடைசிப் படியில் எண்களோடு பார்க்கலாம்.

இனி, சாயக்கூடிய பொருள்கள். கருந்துளையும் துணை விண்மீனும் ஒன்றையொன்று சுற்றும் தளம் ஒன்று. கருந்துளையின் தற்சுழற்சி அச்சு மற்றொன்று. வாயு கருந்துளையை நெருங்கும் உள்வட்டு மூன்றாவது. சுழலும் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையே இழுத்துச் சுழற்றும் என்று 1918-இல் லென்ஸும் திர்ரிங்கும் காட்டினார்கள். இந்த இழுப்போடு வட்டின் பாகுநிலை உராய்வும் சேரும்போது, உள்வட்டு மெல்லத் தற்சுழற்சியின் நடுத்தளத்துக்குப் படிந்துவிடும், வெளிவட்டு சுற்றுப்பாதைத் தளத்திலேயே இருக்கும், நடுவில் வட்டு முறுக்கிக்கொள்ளும் என்று 1975-இல் பார்டீனும் பெட்டர்சனும் கணக்கிட்டார்கள். ஆகவே உள்வட்டின் சாய்வை அளந்தால் தற்சுழற்சி அச்சின் சாய்வை மறைமுகமாக அளந்த மாதிரி. துணை விண்மீனின் ஒளிமாற்றத்தை வைத்து அளந்தால் கிடைப்பது சுற்றுப்பாதையின் சாய்வு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

படி 1: இலக்கும் தேதியும்

முதல் முயற்சிக்குச் சிக்னஸ் எக்ஸ்-1 நல்ல தேர்வு. எக்ஸ்-கதிரில் மிகப் பிரகாசமானது, தரவுக்குப் பஞ்சமில்லை, மற்ற அளவுகளும் துல்லியமாகத் தெரியும். 2021-இல் வெளியான ரேடியோ இடமாறு தோற்ற அளவீட்டின்படி (பூமி சூரியனைச் சுற்றும்போது மூலம் வானத்தில் இடம் நகர்வதுபோலத் தெரிவதை வைத்துத் தொலைவை அளப்பது) தொலைவு சுமார் 2.2 கிலோபார்செக், கருந்துளையின் நிறை சுமார் 21 சூரிய நிறை, சுற்றுப்பாதைச் சாய்வு சுமார் 27.5 டிகிரி. சுற்றும் காலம் 5.6 நாள். துணை விண்மீன் எச்டிஇ 226868-இன் ஒளித்தரம் சுமார் 9. சிறு தொலைநோக்கியிலேயே தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது அந்த நீல ராட்சத விண்மீன் மட்டும்தான், வட்டு அல்ல.

எந்த நாளில் எடுத்த தரவு என்பதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, கருந்துளை அப்போது எந்த நிலையில் இருந்தது. மென்நிலையில், அதாவது வட்டின் வெப்ப ஒளியான குறைந்த ஆற்றல் எக்ஸ்-கதிர் ஓங்கியிருக்கும்போது, வட்டு உள்விளிம்பு வரை போயிருக்கும் என்று நம்பலாம். உயர் ஆற்றல் கதிர் ஓங்கும் வன்நிலையில் வட்டு எங்கே நிற்கிறது என்பதே சர்ச்சைக்குரியது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள மேக்ஸி கருவியின் தினசரி ஒளிவரைவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அவதானித்த தேதியை அதில் வைத்துப் பார்த்தால் நிலை தெரிந்துவிடும். இரண்டாவது, சுற்றுப்பாதையில் கருந்துளை விண்மீனுக்குப் பின்னால் போகும் கட்டம், அதாவது கட்டம் 0. அப்போது விண்மீனின் காற்று (அதிலிருந்து வெளியே வீசும் வாயு) நடுவில் வந்து கதிரை விழுங்கும். கட்டம் 0.5-ஐ ஒட்டிய தரவு கிடைத்தால் அதையே எடுங்கள்.

படி 2: கருவிகள்

லினக்ஸ் அல்லது மேக் கணினி போதும். விண்டோஸ் என்றால் அதற்குள் லினக்ஸ் துணை அமைப்பை நிறுவிக்கொள்ளலாம். வேண்டியவை இவ்வளவுதான்: நாசாவின் ஹீசாஃப்ட் தொகுப்பு (நிறமாலையை மாதிரியோடு பொருத்தும் எக்ஸ்ஸ்பெக் அதற்குள்ளேயே வரும்), கால்டிபி என்ற அளவுத்திருத்தக் கோப்புகள், ரெல்க்ஸில் என்ற எதிரொளிப்பு மாதிரி (வட்டில் பட்டுத் திரும்பும் கதிரின் நிறமாலையைக் கணக்கிடுவது). நூஸ்டார் என்ற எக்ஸ்-கதிர் செயற்கைக்கோளின் தரவை நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

முதல் நாளில் வரும் தடைகள் பெரும்பாலும் இயற்பியலில் வருவதில்லை. புதிய முனையத்தைத் திறக்கும்போதெல்லாம் ஹீசாஃப்டையும் கால்டிபியையும் துவக்கும் கட்டளைகளைக் கொடுக்க வேண்டும். மறந்தால் கோப்பு இல்லை என்ற பிழை வரும், கோப்பு கண்ணெதிரே இருக்கும். ரெல்க்ஸிலுக்குத் தனியாகப் பெரிய அட்டவணைக் கோப்புகள் உண்டு. அவை இருக்கும் அடைவின் பாதையைச் சூழல் மாறியில் சொல்லாவிட்டால் மாதிரி ஏறிவிடும், ஆனால் கணக்கிடாது.

நூஸ்டார் ஏன்? அது 3 முதல் 79 கே.இ.வி. (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) வரை ஒரே வீச்சில் பார்க்கிறது. வட்டின் இரும்பு அணுக்கள் உமிழும் வரியும் (இரும்பு வரி; படி 4-இல் பார்ப்போம்), 20-30 கே.இ.வி. பக்கம் எழும் எதிரொளிப்பு மேடும் ஒரே தரவில் கிடைப்பது இந்த வேலைக்கு மிகப் பெரிய வசதி. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் தரவும் பொதுவில் கிடைக்கிறது. அதன் லாக்ஸ்பிசி கருவி வேகமான ஒளிமாற்றத்தைப் பிடிப்பதில் கெட்டி. ஆனால் ஆற்றலைப் பிரித்தறியும் திறன் இரும்பு வரியின் வடிவத்தை அளக்கப் போதாது. அதனால் இந்தப் பாடத்துக்கு அதை எடுக்கவில்லை.

படி 3: நிறமாலை எடுத்தல்

முதலில் ஹீசாஃப்டில் உள்ள நூபைப்லைன் கட்டளையை ஓட்டித் தரவைச் சுத்தம் செய்யுங்கள். சிக்னஸ் எக்ஸ்-1 போன்ற பிரகாசமான மூலங்களில் ஒரு பொறி காத்திருக்கிறது. வினாடிக்கு 100 எண்ணிக்கைக்கு மேல் வந்தால், இரைச்சலை நீக்கும் வடிகட்டி உண்மையான ஃபோட்டான்களையும் இரைச்சல் என்று எண்ணித் தள்ளிவிடும். நூஸ்டார் குழுவின் கையேட்டில் பிரகாசமான மூலங்களுக்கென்றே தளர்த்திய ஸ்டேட்டஸ் நிபந்தனை இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக் கட்டளையில் சேர்க்கவும்.

அடுத்து, நிறமாலையை எடுத்துத் தரும் நூப்ராடக்ட்ஸ் கட்டளை. மூலத்தைச் சுற்றி 100 முதல் 150 வில்விநாடி ஆரத்தில் வட்டம் போடுங்கள். பின்னணிக்கு உணரியின் தூர மூலையைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கும் மூலத்தின் ஒளி கசிந்திருக்கும், ஆனால் மூலம் இவ்வளவு பிரகாசமாக இருப்பதால் பெரிய பாதிப்பில்லை. நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் 2.5 மில்லிவினாடி உணரி மூடிக்கொள்ளும். எனவே கோப்பில் தெரியும் உண்மையான அவதானிப்பு நேரம், கடிகார நேரத்தைவிட வெகு குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

இரண்டு தொலைநோக்கி அலகுகளின் நிறமாலையையும் கூட்டிவிடக் கூடாது. தனித்தனியே வைத்து, நடுவில் ஒரு பெருக்கல் மாறிலி மட்டும் விடுங்கள். அது 5 சதவீதத்துக்குள் அமைய வேண்டும். முதல் அலகின் வெப்பத் தடுப்புப் போர்வை கிழிந்த பிறகு 3 முதல் 5 கே.இ.வி. பகுதியில் இரண்டு அலகுகளும் ஒத்துப்போகாமல் போகலாம். அந்த வேறுபாட்டைப் புதிய இயற்பியல் என்று எடுத்துக்கொண்டால் நாள் முழுக்க வீணாகும். கடைசியாக, ஓர் ஆற்றல் பெட்டிக்குக் குறைந்தது 25 எண்ணிக்கை வருமாறு தொகுங்கள்.

படி 4: கணினியைத் தொடும் முன் கையால் ஒரு கணக்கு

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பொருத்தும் மென்பொருள் ஏன் தடுமாறுகிறது என்பது இங்கேதான் புரியும்.

கரோனாவிலிருந்து (கருந்துளையின் அருகே உள்ள மிகச் சூடான எலக்ட்ரான் மேகம்) வரும் வன்கதிர் வட்டின் மேல் பட்டு, இரும்பு அணுக்கள் 6.4 கே.இ.வி. வரியை உமிழ்கின்றன. வட்டின் ஒரு பாதி நம்மை நோக்கி வருகிறது. அந்தப் பக்கத்து ஒளியின் ஆற்றல் கூடுகிறது. மறுபாதியிலும் கருந்துளையின் அருகிலும் குறைகிறது. வரி இரு பக்கமும் இழுபட்டு விரிகிறது. இடப்பக்க வால், அதாவது குறைந்த ஆற்றல் பக்கம், வட்டு எவ்வளவு உள்ளே போகிறது என்பதைச் சொல்கிறது. வலப்பக்க விளிம்பு சாய்வுக் கோணத்தைச் சொல்கிறது.

ஒளி வளைவதை விட்டுவிட்டு, 10 ஈர்ப்பு ஆரத்துக்கு (நிறை × ஈர்ப்பு மாறிலி ÷ ஒளிவேகத்தின் வர்க்கம்) அப்பால் இந்த எளிய விதியைப் பயன்படுத்தலாம்:

ஆற்றல் விகிதம் = √(1 − 3/ஆ) ÷ (1 − சைன்(சாய்வு)/√ஆ)

இதில் ஆ என்பது ஈர்ப்பு ஆரத்தை அலகாகக் கொண்ட தூரம். 30 டிகிரி சாய்வில், ஆ = 36 என்று போட்டால் விகிதம் 1.044 வரும். ஆ-வை மாற்றிப் பாருங்கள், இதற்கு மேல் போகாது. எனவே 6.4 கே.இ.வி. வரியின் வலது விளிம்பு சுமார் 6.7-இல் முடியும். 45 டிகிரியில் உச்ச விகிதம் சுமார் 1.095, விளிம்பு 7.0. 60 டிகிரியில் 1.155, விளிம்பு 7.4.

இப்போது சிக்கலைக் கவனியுங்கள். வட்டு சூடாகி இரும்பு பலமாக அயனியானால் வரியே 6.4-இல் இருக்காது, 6.7 அல்லது 6.97-க்கு நகரும். 6.7-ஐ 30 டிகிரியின் 1.044-ஆல் பெருக்குங்கள்: 7.0. குளிர்ந்த வட்டு 45 டிகிரி சாய்ந்திருந்தால் வரும் அதே விளிம்பு! அயனியாக்கம் ஒரு படி தப்பினால் கோணம் 15 டிகிரி தப்பும். வரியை மட்டும் வெட்டி எடுத்துப் பொருத்தக் கூடாது, அகன்ற நிறமாலை முழுவதையும் சேர்த்துப் பொருத்த வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அயனியாக்கத்தின் தடயம் வரியில் மட்டும் இல்லை. இரும்பு உட்கவர் விளிம்பின் (இரும்பு கதிரை விழுங்கத் தொடங்கும் இடத்தில் நிறமாலை சட்டென்று குறைவது) ஆழத்திலும் எதிரொளிப்பு மேட்டின் வடிவத்திலும் இருக்கிறது.

படி 5: பொருத்துதல்

எக்ஸ்ஸ்பெக்கில் முதலில் வெறும் அடுக்கு விதியும் (ஆற்றல் கூடக் கூடச் சீராகக் குறையும் கரோனாவின் நிறமாலை) வட்டின் வெப்பக் கூறும் மட்டும் வைத்து, 5-8, 15-40 கே.இ.வி. பகுதிகளை ஒதுக்கிவிட்டுப் பொருத்துங்கள். பிறகு ஒதுக்கியதைத் திரும்பச் சேர்த்து, தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள விகிதத்தை வரையுங்கள். 6 கே.இ.வி.யைச் சுற்றி ஒரு பக்கம் சாய்ந்த கூம்பும், 20-30 பக்கம் அகன்ற மேடும் தெரியும். இரண்டும் தெரிந்தால்தான் ரெல்க்ஸிலைக் கூப்பிட வேண்டும்.

ரெல்க்ஸிலில் அளவுருக்கள் ஏராளம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டால் மென்பொருள் எங்கோ ஒரு குழியில் விழுந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். நல்ல வரிசை இது. உள் ஆரத்தை −1 என்று வையுங்கள். கழித்தல் குறி இருந்தால் கடைசி நிலையான சுற்றுப்பாதையின் மடங்கு என்று பொருள். வெளி ஆரம் 400. ஒளிர்வுக் குறியீட்டை (மையத்திலிருந்து விலக விலக எதிரொளிப்பு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்ற எண்) 3-இல் பூட்டுங்கள். இரும்பின் அளவைச் சூரிய மதிப்பான 1-இல் பூட்டுங்கள். சாய்வு, அயனியாக்கம், அடுக்கு விதியின் அடுக்கு எண், எதிரொளிப்பு விகிதம் ஆகிய நான்கை மட்டும் விடுவித்துப் பொருத்துங்கள். அது நிலைத்தபின் தற்சுழற்சியையும், அதன்பின் ஒளிர்வுக் குறியீட்டையும், கடைசியாக இரும்பையும் ஒவ்வொன்றாக விடுவிக்கலாம்.

சிக்னஸ் எக்ஸ்-1-க்கென்றே ஒரு கூடுதல் வேலை உண்டு. துணை விண்மீனின் அயனியான காற்று 6.7 கே.இ.வி. அருகே ஓர் உட்கவர் வரியைப் பதிக்கிறது. சாய்வைச் சொல்லும் விளிம்பு அதே இடத்தில்தான் இருக்கிறது. இந்தக் கூறை மாதிரியில் சேர்க்காவிட்டால் விளிம்பு அரிக்கப்பட்டது போலத் தெரியும், சாய்வின் மதிப்பு இடம் மாறிவிடும். இதைச் சேர்த்துச் செய்த நூஸ்டார் மென்நிலை ஆய்வுகள் உள்வட்டின் சாய்வை 40 டிகிரியை ஒட்டிக் கண்டிருக்கின்றன.

சாய்வு 3 அல்லது 87 டிகிரியில் போய் ஒட்டிக்கொண்டால் அது அளவீடு அல்ல, மாதிரியின் சுவர். இரும்பு சூரிய மதிப்பின் 5 மடங்குக்கு மேல் போனால் பெரும்பாலும் வட்டின் அடர்த்தியைக் குறைவாகக் கருதியிருக்கிறீர்கள். பழைய அட்டவணைகள் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10-இன் 15-ஆம் அடுக்கு துகள் என்று எடுத்துக்கொண்டவை. விண்மீன் நிறைக் கருந்துளைகளின் வட்டுகள் அதைவிடப் பல மடங்கு அடர்ந்தவை. அடர்த்தியை மாற்ற இடம் தரும் வடிவத்துக்கு மாறுங்கள்.

படி 6: பிழை எவ்வளவு

சாய்வை 15 முதல் 60 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரியாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் மற்றவற்றைப் பொருத்தும் ஸ்டெப்பார் கட்டளையைக் கொடுங்கள். கை-வர்க்கம் (தரவும் மாதிரியும் எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு) குறைந்தபட்சத்திலிருந்து 2.7 கூடும் இடங்கள் 90 சதவீத எல்லை. வளைவில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவற்றில் ஒன்று அநேகமாகப் படி 4-இல் கணக்கிட்ட அயனியாக்கக் குழி.

புள்ளியியல் பிழை ஒரு டிகிரிக்கும் குறைவாக வரும். அதை நம்பி எழுதிவிடக் கூடாது. கரோனாவை அச்சின் மேல் தொங்கும் விளக்காகக் கருதும் வடிவத்தில் ஒருமுறை, அடர்த்தியை மாற்றி ஒருமுறை, உட்கவர் கூறுடன் ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை பொருத்துங்கள். விடைகளுக்கு இடையே எத்தனை டிகிரி இடைவெளியோ அதுதான் உங்கள் உண்மையான பிழை.

படி 7: தளவிளைவு

நிறமாலை திசைக் கோணத்தைத் தராது. அதற்கு எக்ஸ்-கதிரின் தளவிளைவு வேண்டும், அதாவது அலைகளின் அதிர்வு எந்தத் திசையில் எவ்வளவு ஒருமுகப்பட்டிருக்கிறது என்ற அளவு. எலக்ட்ரான்கள் சிதறடிக்கும் தடித்த வளிமண்டலத்தை விளிம்புவழியே பார்த்தால் ஒளி 11.7 சதவீதம் தளவிளைவுற்றிருக்கும், நேர் மேலிருந்து பார்த்தால் பூச்சியம் என்று சுப்பிரமணியன் சந்திரசேகர் கணக்கிட்டுக் கொடுத்தார். இன்றும் எந்த வட்டு மாதிரியையும் சரிபார்க்க இந்த எண்ணில்தான் தொடங்குகிறோம்.

2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஐஎக்ஸ்பிஇ செயற்கைக்கோள் 2-8 கே.இ.வி. பகுதியில் இதை அளக்கிறது. தரவு பொதுவானது. ஆராய ஐஎக்ஸ்பிஇ-ஆப்ஸிம் என்ற பைத்தான் தொகுப்பு கிடைக்கிறது. மூலத்தைச் சுற்றி 80 வில்விநாடி வட்டம் போதும். பிரகாசமான மூலத்துக்குப் பின்னணியைக் கழிக்க வேண்டாம். கழித்தால் மூலத்தின் ஒளியையே கழித்ததாகிவிடும்.

தொடங்கும் முன் ஃபோட்டான் போதுமா என்று பாருங்கள். பின்னணி இல்லாதபோது கண்டறியக்கூடிய மிகச் சிறிய தளவிளைவு = 4.29 ÷ (பண்பேற்றக் காரணி × √ஃபோட்டான் எண்ணிக்கை). பண்பேற்றக் காரணி என்பது தளவிளைவைக் கருவி எவ்வளவு நன்றாக உணர்கிறது என்ற எண். காரணி 0.3 என்று வைத்தால் 1 சதவீதத்தைப் பிடிக்க 20 லட்சம் ஃபோட்டான், 4 சதவீதத்துக்கு சுமார் 1.3 லட்சம் வேண்டும்.

சிக்னஸ் எக்ஸ்-1-இல் 2022 மே மாதத் தரவு 4.0 சதவீதம் காட்டியது, திசை சுமார் −21 டிகிரி. ரேடியோவில் தெரியும் தாரையின் (கருந்துளையின் அருகிலிருந்து தற்சுழற்சி அச்சின் வழியே பீறிடுவதாகக் கொள்ளப்படும் பொருள்) திசையும் ஏறக்குறைய அதுவே. கரோனா தாரையின் வழியே நீண்டிராமல் வட்டின் மேல் விரிந்து கிடக்கிறது என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். 27.5 டிகிரி சாய்வில் 4 சதவீதம் வராது, 45-க்கு மேல் வேண்டும் என்பது அந்த ஆய்வின் முடிவு. கரோனாவே ஒளிவேகத்தில் 0.4 பங்கு வேகத்தில் வெளியே பாய்ந்தால் 30 டிகிரியிலும் 4 சதவீதம் வரும் என்று 2023-இல் மறுகணக்கு வந்தது. இரண்டையும் குறிப்பில் எழுதிவையுங்கள்.

இங்கே எல்லோரும் ஒருமுறையாவது வழுக்குவது 90 டிகிரியில். சந்திரசேகரின் வளிமண்டலத்தில் தளவிளைவு வட்டின் தளத்துக்கு இணை. வட்டின் மேல் விரிந்த கரோனாவில் அது அச்சுக்கு இணை. எந்தக் கூறு ஆதிக்கம் செலுத்துகிறது என்று முடிவு செய்யாமல் திசையை எழுதினால் அச்சை 90 டிகிரி திருப்பிவைத்துவிடுவீர்கள்.

படி 8: தாரையைக் கொண்டு சரிபார்த்தல்

இரு பக்கமும் தாரை தெரிந்தால் நிறமாலையே தேவையில்லை. ஜிஆர்எஸ் 1915+105 என்ற கருந்துளையின் தாரையில் 1994-இல் மிராபெலும் ரொட்ரீகெஸும் பார்த்த முடிச்சுகளில் (பிரகாசமான திரள்கள்) ஒன்று நாளுக்கு 17.6 மில்லி வில்விநாடியும் எதிர்ப்பக்கம் 9.0-உம் நகர்ந்தன. வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 8.6 ÷ 26.6 = 0.323; இது வேகம் (ஒளிவேகத்தின் பங்காக) × கொசைன்(சாய்வு). தொலைவு தெரிந்தால் சாய்வு தனியாகப் பிரியும்: டான்(சாய்வு) = 2 × தொலைவு/ஒளிவேகம் × (இரண்டின் பெருக்கல் ÷ வித்தியாசம்). அப்போது நம்பிய 12.5 கிலோபார்செக்கில் விடை 69 டிகிரி. 2014-இல் இடமாறு தோற்றத்தால் அளந்த 8.6 கிலோபார்செக்கைப் போட்டால் 61. அதே படம், அதே முடிச்சுகள், தொலைவு மட்டும் மாறியதில் 8 டிகிரி போய்விட்டது.

படி 9: இரண்டு அச்சுகளுக்கு இடையே எத்தனை டிகிரி

இரண்டு சாய்வுகளைக் கழித்துவிட்டு அதுவே விலகல் என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. சரியான விதி:

கொசைன்(விலகல்) = கொசைன்(சாய்வு 1) × கொசைன்(சாய்வு 2) + சைன்(சாய்வு 1) × சைன்(சாய்வு 2) × கொசைன்(திசைக் கோண வித்தியாசம்)

மேக்ஸி ஜே1820+070 என்ற கருந்துளையை எடுத்துக்கொள்ளுங்கள். தாரையின் சாய்வு சுமார் 63 டிகிரி, திசை சுமார் 25. சுற்றுப்பாதைச் சாய்வு 66-க்கும் 81-க்கும் இடையில். நடுவில் 73 என்று வைப்போம். கழித்தால் 10 டிகிரி, கிட்டத்தட்ட நேராக இருக்கிறது என்று தோன்றும். ஆனால் 2022-இல் ஒளியியல் தளவிளைவை அளந்து சுற்றுப்பாதை அச்சின் திசையை சுமார் −20 டிகிரி என்று கண்டார்கள். வித்தியாசம் 45. விதியில் போடுங்கள்: 0.454 × 0.292 + 0.891 × 0.956 × 0.707 = 0.735. விலகல் 43 டிகிரி.

சிக்னஸ் எக்ஸ்-1-க்கு 40-இலிருந்து 27.5-ஐக் கழித்து வரும் 12.5 டிகிரியையும் இப்படியே படிக்க வேண்டும். அது விலகலின் கீழ் எல்லை, விலகல் அல்ல. தளவிளைவு அச்சின் எந்த முனை மேலே என்று சொல்லாது என்பதால் திசைக் கோணத்தோடு 180-ஐக் கூட்டியும் ஒருமுறை கணக்கிட்டு, இரண்டு விடைகளையும் எழுதுங்கள்.